குறைந்த செலவில் பிளாக் தண்டர்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பயணிகள் ரயிலில் சென்று, அங்கிருந்து ஊட்டி சாலையில் உள்ள பிளாக் தண்டர் நீர்ப்பூங்காவுக்குப் பேருந்திலோ ஆட்டோவிலோ போவதே வாடகைக் காரைவிடக் குடும்பத்துக்குச் சிக்கனமான வழி என்பது என் கருத்து. நுழைவுச்சீட்டைக்கூடச் சமாளித்துவிடலாம், உள்ளே ஆகும் சில்லறைச் செலவுகளே கையைக் கடிக்கும். நீர்ச்சறுக்குகளில் பருத்தி ஆடைக்குப் பொதுவாக அனுமதி இல்லாததால், நைலான் உடைகளை வீட்டிலிருந்தே கொண்டு சென்றால் அவற்றுக்கான வாடகை மிச்சமாகும். ஆளுக்கொரு துண்டும், ஈரத்துணிக்கென்று தனிப் பையும் அவசியம். இத்தகைய பூங்காக்கள் பலவற்றில் குழந்தைகளுக்கான கட்டணம் உயரத்தைக் கொண்டே முடிவாவதால், புறப்படுமுன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுவேன். மே மாத ஞாயிறுகளைத் தவிர்த்து வார நாளில் சென்றால், வரிசையில் நிற்கும் நேரம் குறைந்து, கொடுத்த பணத்துக்குப் பிள்ளைகள் ஆசைதீர விளையாடலாம்.