வெள்ளி முதல் ஞாயிறு வரை

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். எனக்கும் அதே கதைதான். இப்போது சுங்கை சிப்புட்டில் தம்பி வீட்டு ஹாலில் படுக்கை.

மலிவு வாடகை வீட்டுக்கு மனு போடப் போனேன். “பிள்ளை யாரிடம்?” என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. வாரக் கடைசியில் என்னிடம் என்றேன். சரி, தனி ஆள் என்று எழுதிவிட்டார்! வெள்ளி சாயங்காலம் பள்ளிப் பையோடு வந்து இறங்கும் மகளுக்கு அந்தப் பாரத்தில் கட்டமே இல்லை. மகள் யாரிடம் எப்போது இருப்பாள் என்ற நீதிமன்ற ஆணையின் நகலோடு திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.

மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை தேடும் உதவித்தொகை ஆறு மாதம் வரைதான். வேலை போனவர்கள் 60 நாளுக்குள் மனு போட்டுவிடுங்கள். நான் கடைசி வாரத்தில்தான் ஓடினேன்.

நேற்று ஹாலில் பாய் விரித்தேன். “கேம்பிங் மாதிரி இருக்குப்பா” என்றாள்.