புதிதாக வாங்கிய வெள்ளி ரூபாயைக் காட்டும் முன்: 1911, 1939

புதிதாக ஒரு வெள்ளி ரூபாய் கைக்கு வந்ததும் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது காசு சேகரிப்பவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். பெரும்பாலும் உள்ளங்கையில் வைத்த காசு, ராஜா தலை மட்டும், விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துப்போன நடுப்பகுதி என்றுதான் அந்தப் படம் இருக்கும். வாழ்த்து குவியும். ஆனால் காசு அசலா என்று சொல்ல அதில் எந்தத் தடயமும் இருக்காது. பின்புறம் இல்லை, விளிம்பு இல்லை, எடை இல்லை. ஆறாம் ஜார்ஜ் 1939, ஐந்தாம் ஜார்ஜ் 1911 போன்ற ஆண்டுகளில் போலியும் திருத்திய காசும் தாராளமாகப் புழங்குவதால், பார்ப்பவர் தானே சோதித்துச் சொல்லும்படி காசைக் காட்டுவது எல்லாருக்கும் நல்லது. இந்த இரண்டு ஆண்டுகளையே வைத்து, எதைப் பார்ப்பது, எப்படி அளப்பது, எதைக் குறித்து வைப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் எடை. 1835 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாய் 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, 91.7 சதவீதம். நாலாம் வில்லியம் ரூபாயிலிருந்து 1939 வரை இந்தக் கணக்கு மாறவில்லை. 1940இல் போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டில் 50 சதவீத வெள்ளிக்கு இறங்கினார்கள். மிச்சம் 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். ஆனால் எடையை மட்டும் அதே 11.66 கிராமில் வைத்துக்கொண்டார்கள். அதனால் தராசில் எடை சரியாக நின்றால் மட்டும் காசு தேறிவிடாது.

0.01 கிராம் காட்டும் சிறிய மின்தராசு போதும். 10 அல்லது 20 கிராம் படிக்கல்லை முதலில் வைத்துத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றில் கடைசி இலக்கம் ஆடும். புழங்கித் தேய்ந்த காசு 11.4, 11.5 என்று குறைவது இயல்பு. தேய்ந்த காசு 11.8 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும், தேய்மானத்தில் எடை கூட வழியே இல்லை. குறுக்களவு 30.5 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அளக்கும்போது பிளாஸ்டிக் காலிப்பர் பயன்படுத்துங்கள். இரும்புத் தாடை விளிம்பில் கோடு போட்டுவிடும்.

அடுத்தது நீர்ச் சோதனை. காசுக்குச் சேதமில்லாமல் உலோகத்தைக் கண்டுபிடிக்க வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதுவே சிறந்தது. ஒரு சின்ன டம்ளரில் முக்கால்வாசி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசில் வரும் எண்தான் காசு ஒதுக்கிய நீரின் எடை. முழு எடையுள்ள ரூபாயில் 91.7 சதவீத வெள்ளி என்றால் 1.13 வரும். 50 சதவீத வெள்ளியில் 1.22. வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வரில் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) செய்த போலியில் 1.34 அளவுக்குப் போகும். தேய்ந்த காசாக இருந்தால் காற்றில் எடுத்த எடையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 10.3ஐ ஒட்டி வந்தால் பழைய தர வெள்ளி, 9.5 என்றால் பாதி வெள்ளி.

இதில் கெடுவது பெரும்பாலும் காற்றுக் குமிழால்தான். எழுத்துகளின் இடுக்கிலும் விளிம்புக் கோடுகளிலும் குமிழ் ஒட்டிக்கொண்டால் ஒதுங்கும் நீர் கூடி, நல்ல வெள்ளிகூட மட்டமான வெள்ளிபோலத் தெரியும். காசைத் தண்ணீரில் ஒருமுறை மெல்லச் சுழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். மூன்று முறை எடுத்து மூன்றும் 0.01க்குள் நின்றால் நம்பலாம். முடிந்ததும் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம்.

இப்போது 1911. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில் அவர் அங்கியின் மேல் கிடக்கும் விருதுச் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. அச்சில் அதன் தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் பன்றிபோலத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. பம்பாய், கல்கத்தா இரண்டு நாணயச்சாலைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 94 லட்சம் அடித்திருந்தார்கள். வெளியே போனது 7 லட்சம் அளவுதான், மீதி உருக்கப்பட்டது. 1912 முதல் தும்பிக்கையை நீட்டி, காதைப் பெரிதாக்கிப் புது அச்சில் அடித்தார்கள். காசு சேகரிப்பவர்கள் பார்க்கும் கிராஸ்-மிஷ்லர் (கே.எம்.) கேட்டலாக்கில் இரண்டுக்கும் தனித்தனி எண்: 1911க்கு கே.எம். 523, 1912க்குப் பிறகு கே.எம். 524. அரை ரூபாயிலும் கால் ரூபாயிலும் இதே கதைதான்.

1911இல் மிகுதியாக நடக்கும் தில்லுமுல்லு ஆண்டைத் திருத்துவது. 1917இன் கடைசி 7இல் மேல்கோட்டைச் செதுக்கினால் 1 ஆகிவிடும், 1912இலும் இந்த வேலை நடக்கும். ஆனால் ராஜாவின் அங்கியில் உள்ள யானையை யாரும் மாற்றுவதில்லை. ஆகவே 1911 என்று யார் காட்டினாலும் ஆண்டைப் பார்க்கும் முன் யானையைப் பாருங்கள். நீண்ட தும்பிக்கையோடு 1911 என்றிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தேய்ந்த காசில் யானை மங்கலாக இருக்கும். விளக்கைத் தாழ வைத்து, காசை மெல்லச் சுற்றிக்கொண்டே 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் தும்பிக்கையின் நிழல் பிடிபடும். கையில் ஒரு சாதாரண 1918 ரூபாய் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒன்று இருந்தால் வேலை பாதி.

யானை சரியாக இருப்பதாலேயே காசு அசல் ஆகிவிடாது. குட்டைத் தும்பிக்கையோடு புதிதாகவே அடித்த போலிகளும் உண்டு. அவற்றைப் பிடிப்பது விளிம்பிலும் எடையிலும்தான். வார்த்து எடுத்த போலியில் விளிம்பின் நடுவே ஒரு இணைப்புக் கோடு ஓடும், அல்லது அதை மறைக்க அரம் போட்ட தடம் இருக்கும். எழுத்துகளின் ஓரம் மழுங்கிச் சோப்புபோல வழவழப்பாகும், வெற்றிடத்தில் ஊசிமுனை அளவு குழிகள் தெரியும். நாணயச்சாலைக் குறியையும் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்புறம் ஆண்டுக்குக் கீழே உள்ள தாமரைப் பூவின் அடியில் ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. 1922 ரூபாய் பம்பாயில் மட்டுமே அடிக்கப்பட்டது. புள்ளியில்லாத 1922 யாராவது நீட்டினால் கவனம் தேவை.

1939க்கு வருவோம். வெள்ளி ரூபாய்த் தொடரில் பலருடைய ஆல்பத்திலும் காலியாகக் கிடக்கும் இடம் இது. 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய், பெரும்பகுதி உருக்கப்பட்டு மிஞ்சியது மிகச் சொற்பம். முந்தைய ஆண்டான 1938ஐ எளிதாக வாங்கலாம் என்பதால் இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்தத் தூரம்தான் உளியைக் கையில் எடுக்க வைக்கிறது.

திருத்த இரண்டு வழிகள். ஒன்று, 1940களின் ரூபாயில் எண்களை மாற்றுவது. இதைப் பிடிப்பது எளிது. 1940இலிருந்து போலியைத் தடுக்க விளிம்பின் நடுவே பள்ளம் வெட்டி அதற்குள் வேலைப்பாடு வைத்த பாதுகாப்பு விளிம்பு வந்தது. 1938, 1939 ரூபாய்களில் நேரான கோடுகள் மட்டுமே. நீர்ச் சோதனையிலும் 1.22 காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது வழி கடினமானது: 1938இன் 8ஐ 9 ஆக்குவது. இதில் எடை, வெள்ளி, விளிம்பு எல்லாமே அசல். மிஞ்சுவது அந்தக் கடைசி எண் மட்டும்தான்.

நல்ல வேளையாக 1939இல் இரண்டு 9 உண்டு. லென்ஸில் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வயிற்றின் வட்டம், வாலின் வளைவு, கோட்டின் தடிமன், தரையிலிருந்து எழும் உயரம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 8இன் கீழ்வட்டத்தில் இடப்பக்கத்தை வெட்டி எடுத்தால்தான் 9 வரும் என்பதால், இரண்டாவது 9இன் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில்தான் தடயம் கிடக்கும். அங்கே தரை சற்றுக் குழிந்திருக்கும், சுரண்டிய நுண்கோடுகள் ஒரே திசையில் போகும், சுற்றியுள்ள இயற்கையான மங்கல் நிறம் அந்த ஒரு இடத்தில் மட்டும் மாறியிருக்கும். புழங்காத காசில் மினுமினுப்பு எண்ணின் ஓரம்வரை தடையில்லாமல் ஓடும், திருத்திய இடத்தில் அறுந்துபோகும். ஆண்டுப் பகுதி மட்டும் அழுக்காகவோ, எண்ணெய் பூசியதுபோலக் கறுத்தோ இருந்தால் அதை மறைப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அசல் காசிலும் குறை இருக்கும். நம் ஊரில் வெள்ளி ரூபாயைக் காசுமாலையில் கோத்தார்கள், வளையம் பற்றவைத்துப் பதக்கமாக்கினார்கள். விற்கும்போது வளையத்தைக் கழற்றி, பற்றவைத்த இடத்தைத் தேய்த்துவிடுவார்கள். ராஜா தலைக்கு நேர் மேலே உள்ள விளிம்பைப் பாருங்கள், கோடுகள் அடைபட்டோ வழுவழுவென்றோ இருந்தால் அது பற்றுவைத்த இடம். ஓட்டையை அடைத்திருந்தால் இருபுறமும் ஒரே நேர்கோட்டில் வட்டமாக நிறம் மாறும். பம்பாய் நாணயச்சாலை பழைய அச்சுகளைக் கொண்டு பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக அடித்துக் கொடுத்த மறு அச்சுகளும் சந்தையில் உண்டு. அவை போலி அல்ல, ஆனால் முதல் அச்சின் விலைக்கு வாங்கக்கூடாது. தரை கண்ணாடிபோலப் பளபளக்கும் காசைப் பார்த்தால் முதலில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

காட்டுவதற்கு முன் தயவுசெய்து பளபளப்பாக்க வேண்டாம். புளி, விபூதி, பல்பொடி, பாத்திரம் துலக்கும் பொடி எல்லாமே மேல்பரப்பைத் தின்றுவிடும். பூஜைச் சாமானுக்குச் சரி, காசுக்கு ஆகாது. நூறு ஆண்டில் படிந்த மங்கல் நிறம் போனால் திரும்ப வராது, விலையும் வெகுவாகக் குறையும். பச்சையாகப் பிசுபிசுத்தால் மட்டும், அது மென்மையான பி.வி.சி. உறையின் கசிவு என்றால், சுத்தமான அசிட்டோனில் கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவைத்து எடுக்கலாம். நகப்பூச்சு நீக்கியில் வேறு சேர்மானங்கள் இருப்பதால் அது வேண்டாம். அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிறகு மைலார் (பாலியெஸ்டர்) உறையிலோ 31 மி.மீ. கேப்சூலிலோ வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அதன் கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடாக இறங்கும். கடலோர ஊர்க்காரர்கள் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

படத்துக்கு ஃபோன் கேமராவே போதும். நான்கைந்து புத்தகங்களை இரு பக்கமும் அடுக்கி ஃபோனை அதன்மேல் படுக்க வையுங்கள், காசும் லென்ஸும் இணையாக இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு மேசை விளக்கை இரு பக்கமும் சாய்வாக வைத்து, முன்னால் வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டால் வெளிச்சம் பரவும். ஃபோனைக் கிட்டே கொண்டுபோனால் அதன் நிழலே காசில் விழும், சற்று உயரத்தில் வைத்து 2 மடங்கு ஜூம் செய்யுங்கள். முன்புறம், பின்புறம், விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடம், ஆண்டு எண் மட்டும் நெருக்கத்தில், தராசில் காசு, இவ்வளவும் வேண்டும். 1911 என்றால் யானை தனியாக. ஸ்கேனர் படம் மினுமினுப்பையும் பள்ளங்களையும் தட்டையாக்கிவிடும். அனுப்பும் முன் படத்தில் பதிந்துள்ள இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். வெள்ளிக்காசு இருக்கும் வீடு எது என்று ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

தெளிவான படங்களால் இன்னொரு பெரிய பயன் உண்டு. அசல் காசிலிருந்தே அச்சு எடுத்துப் போலி அடிக்கும்போது, அந்த அசலில் இருந்த அடிபட்ட தழும்பும் கூடவே போலியில் இறங்கிவிடும். மதுரையில் ஒருவரிடமும் ஹைதராபாத்தில் இன்னொருவரிடமும் உள்ள காசுகளில் ராஜாவின் கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரே வடிவத் தழும்பு இருந்தால், அந்த இரண்டில் குறைந்தது ஒன்று போலி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நன்றாகத் தெரியும். நல்ல படங்கள் நாலு பேரிடம் போய்ச் சேர்ந்தால்தான் இது வெளிப்படும். படத்தோடு எடை, நீர்ச் சோதனை எண், குறுக்களவு, நாணயச்சாலை, கே.எம். எண், யாரிடம் எந்த ஆண்டு வாங்கியது, ரசீது உண்டா என்று ஐந்தாறு வரியில் எழுதிவிடுங்கள்.

காசைச் சோதித்துத் தரம் குறித்து உறையிட்டுத் தரும் அமெரிக்க நிறுவனங்களான என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். உறையில் வந்த காசு என்றால் சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் தழும்புக்குத் தழும்பு ஒப்பிடுங்கள். உறையையும் போலியாகச் செய்கிறார்கள், எண் இருப்பது மட்டும் போதாது. தரம் பார்க்க நாமே வெளிநாட்டுக்கு அனுப்புவதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. 1939 ரூபாய்க்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. 1911 ரூபாய் எப்போதோ கடந்துவிட்டது, அதைக் கூரியரில் போடும் எண்ணமே வேண்டாம்.