அதே மஞ்சள் சுவர்

புதுச்சேரி துமாஸ் வீதியில், மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் சேர்ந்திருக்கும் ஒரு ஜன்னலோரத்தில் இதுவரை எத்தனை தம்பதிகளை நிறுத்திப் படம் எடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. என்னிடம் படம் எடுத்துக்கொண்ட அக்காள், தங்கை இருவரின் ஆல்பங்களையும் ஒருநாள் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அடுத்தடுத்து விரித்து வைத்தார்கள். புடவையின் நிறத்தையும் மாப்பிள்ளைகளின் முகத்தையும் தவிர வேறு வித்தியாசம் இல்லை. "ரெண்டும் ஒரே மாதிரி அழகா வந்திருக்கு" என்று அவர்களின் அம்மா பாராட்டியதுதான் எனக்கு உறைத்தது.

அதற்காக நான் ஊரை மாற்றவில்லை, லென்ஸை மாற்றினேன். 85 எம்.எம். லென்ஸில் பின்னணியை முழுக்கக் கரைத்துவிட்டால், அது புதுச்சேரியா, வண்ணம் பூசிய மண்டபச் சுவரா என்று யாருக்கும் தெரியாது. சுற்றுப்புறத்தையும் சேர்த்து அகலமாகக் காட்டும் 35 எம்.எம். ஒன்றை மட்டும் கொண்டுபோன நாளில், பால்காரரின் சைக்கிளும் வாசலில் பாதி போட்ட கோலமும் படத்துக்குள் தாமாகவே வந்து சேர்ந்தன.

வெளிச்சத்தையும் அப்போதுதான் சரியாகக் கவனித்தேன். 1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் வகுத்த கட்டம் கட்டமான அமைப்பில், துமாஸ் போன்ற பெரிய வீதிகள் கடலுக்கு இணையாகவும் குறுக்கு வீதிகள் கடலை நோக்கியும் ஓடுகின்றன. ஆகவே எல்லாரும் துமாஸ் வீதியின் நிழலில் முட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில், குறுக்கு வீதியில் காலை வெயில் நீளவாக்கில் வந்து, நடந்து வருபவர்களின் முதுகில் விழுந்து, தலைமுடியின் ஓரங்களை மட்டும் ஒளிரச் செய்கிறது. மஞ்சள் சுவரை ஒட்டி நிற்பவர்களுக்கோ, சுவர்ப்பக்கக் கன்னம் மஞ்சளாகவும் மறுபக்கக் கன்னம் வானத்தின் நீலம் படிந்தும் தெரியும். கேமராவில் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் இரண்டும் ஒருசேரச் சரியாகாது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நிறுத்தி, உதவியாளரை ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வேன். (வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடக் கடையில் வாங்கிய ரிஃப்ளெக்டர் கடற்காற்றில் பறந்தபின் வந்த ஞானம் இது.)

சென்ற மாதம், மணமாகி எட்டே நாளான ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அதே சுவர் முன்னால் மாப்பிள்ளை குனிந்து செருப்பைச் சரிசெய்யும்போது சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது. பெண் சற்றும் யோசிக்காமல் தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்து, பல்லில் கடித்துக்கொண்டு, சட்டையின் இரு முனைகளையும் இழுத்துச் சேர்த்தார். குத்திவிடுமோ என்று மாப்பிள்ளை வயிற்றை எக்கிக்கொண்டார். மஞ்சள் சுவருக்கு முன்னால் மஞ்சள் மங்காத அந்தக் கயிறு சட்டைமேல் தொங்க, நான் இரண்டடி தூரத்திலிருந்து நான்கு படங்கள் எடுத்தேன்.

அவற்றில் ஜன்னலும் இல்லை, காகிதப்பூவும் இல்லை. மூன்றாவதைத்தான் 12-க்கு 18 அங்குலத்தில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னார்கள்.