பெரியகுளம் என்றொரு மக்களவைத் தொகுதி

உசிலம்பட்டிக்காரர்களான நாங்கள் மதுரை மாவட்டத்தில் இருந்துகொண்டு தேனி மக்களவை உறுப்பினருக்கு வாக்களிக்கிறோம். 2008 தொகுதி மறுசீரமைப்பில் பெரியகுளம் மக்களவைத் தொகுதி மறைந்து, 2009 தேர்தலில் அதன் இடத்துக்குத் தேனி வந்தது. அதே மறுசீரமைப்பில் தேனி, சேடபட்டி சட்டமன்றத் தொகுதிகள் மறைந்ததுதான் வேடிக்கை.

எந்தக் கட்சிக்கும் நிரந்தரப் பட்டா எழுதிக் கொடுக்காத தொகுதி பெரியகுளம். 1967இல் சுதந்திராக் கட்சியின் அஜ்மல் கான், 1971இல் முஸ்லிம் லீக்கின் எஸ்.எம்.முகம்மது செரீப் என அடுத்தடுத்து இரு சிறிய கட்சிகளின் வேட்பாளர்களை, தி.மு.க. கூட்டணியின் பலத்தோடு, இத்தொகுதி டெல்லிக்கு அனுப்பியது. 1998இல் வென்ற சேடபட்டி முத்தையா, சட்டப்பேரவைத் தலைவராக இருந்தவர். வாஜ்பாய் அமைச்சரவையில் தரைவழிப் போக்குவரத்துத் துறையை ஏற்று, ஊழல் வழக்கில் குற்றச்சாட்டு பதிவானதால் சில வாரங்களிலேயே விலகினார். எங்கள் பகுதிக்கு வாய்த்த அந்த மத்திய அமைச்சர் பதவியை நாங்கள் கொண்டாடி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

1999இல் டி.டி.வி.தினகரன் இங்கிருந்துதான் மக்களவைக்குள் நுழைந்தார். 2004இல் அவரைத் தோற்கடித்த காங்கிரஸின் ஜே.எம்.ஆரூண், பெரியகுளத்தின் கடைசி உறுப்பினராகவும் 2009இல் தேனியின் முதல் உறுப்பினராகவும் ஆனார். தினகரன் 2024இல் மீண்டும் இதே மண்ணில் போட்டியிட்டு, தி.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வனிடம் தோற்றார்.