முகத்தின் மேல் ரயில் ஓட்டுவது: மூன்றாவது தட்டு

ஓடும் ரயிலின் ஜன்னல் வெளிச்சத்தை ஒரு முகத்தின் மேல் வரவழைக்க, விளக்குக்கு முன்னால் துளை போட்ட தட்டைச் சுழற்றிப் பார்த்தேன்; மூன்றாவது தட்டில்தான் சரிவந்தது. 'பிரீஃப் என்கவுண்டர்' (1945) படத்தில் நாயகி லாரா நடைமேடை விளிம்புக்கு ஓடி வந்து நிற்கும் க்ளோஸப்பைத்தான் சொல்கிறேன். இயக்கம் டேவிட் லீன், ஒளிப்பதிவு ராபர்ட் கிராஸ்கர். விரைவு ரயிலின் ஜன்னல் வெளிச்சம் லாராவாக நடித்த செலியா ஜான்சனின் முகத்தில் வெட்டி வெட்டி ஓடும். கதறல் கிடையாது. அந்தக் கால பிரிட்டிஷ் மெலோடிராமாவின் ருசியே இதில்தான் இருக்கிறது: முகம் அடக்கி வைத்ததை வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

நிஜ ரயில் கணக்கைப் போட்டால் ஷாட் கெட்டுவிடும். மணிக்கு 60 மைல் என்றால் விநாடிக்கு 27 மீட்டர். ஜன்னலுக்கு ஜன்னல் 2 மீட்டர் என்று வைத்தால் விநாடிக்கு 13 வெட்டு. விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு ஜன்னலுக்கு இரண்டு பிரேம்கூடத் தேறாது. பழுதான ட்யூப்லைட் மாதிரி மினுக்கும், அவ்வளவுதான். விநாடிக்கு 5 வெட்டு போதும்.

தட்டு 5 மி.மீ. சன்போர்டு (விளம்பரப் பலகைக்குப் பயன்படும் லேசான அட்டை), விட்டம் 52 செ.மீ., 12 துளை. ஒவ்வொன்றிலும் திறப்பு 18 பாகை, மறைப்பு 12 பாகை. மையத்திலிருந்து 14 செ.மீ.யில் துளை தொடங்கி 24 செ.மீ.யில் முடியும். நிமிடத்துக்கு 30 சுற்று சுற்றும் கியர் மோட்டாரை 25 சுற்றுக்குக் குறைத்தால் விநாடிக்கு 5 வெட்டு, கணக்கு சரி. (பிளெக்ஸ் அடிக்கும் கடைகளில் சன்போர்டு வெட்டுத்துண்டு மலிவு. வளைந்த துண்டை வாங்காதீர்கள், சுற்றும்போது தள்ளாடும்.)

முதல் இரண்டு முயற்சியும் கெட்டது தட்டால் அல்ல, விளக்கால். 4 செ.மீ. எல்இடி, அதிலிருந்து 30 செ.மீ.யில் தட்டு, தட்டிலிருந்து 120 செ.மீ.யில் முகம். நிழல் விளிம்பின் மங்கல் எவ்வளவு? விளக்கின் அகலத்தை, தட்டிலிருந்து முகம் வரை உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்கிலிருந்து தட்டு வரை உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 16 செ.மீ. வந்தது. அதாவது முழு முகமும் மங்கல்! வெளிச்சம் ஏறி இறங்கியதே தவிர ஓடவில்லை. வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூஷன் தாளைக் கழற்றி எறிந்துவிட்டு, கருப்பு ஃபாயிலில் 8 மி.மீ. துளை போட்டு விளக்கை மூடி, இரண்டு தூரத்தையும் 60, 90 என்று மாற்றியதும் மங்கல் 1.2 செ.மீ.க்கு இறங்கியது. ஜன்னல் ஜன்னலாகப் பிரிந்தது.

வெளிச்சம் தட்டின் உச்சி வழியாகவே போகட்டும். பக்கவாட்டில் விட்டால் நிழல் மேலிருந்து கீழே இறங்கும், அது ரயில் அல்ல, வெனிஷியன் பிளைண்ட் (பட்டைபட்டையான ஜன்னல் மறைப்பு).

எல்லாத் துளையும் ஒரே அளவில் இருந்தால் மின்விசிறி போல் தெரிகிறது. ஒன்றைப் பாதி ஒட்டி, வேறோர் இடத்தில் நடுமறைப்பை வெட்டி இரண்டை ஒன்றாக்கினால் பெட்டிகளுக்கு இடைவெளி கிடைக்கும். ரயில் கடந்து முடிவதைக் காட்ட மோட்டாரை அணைக்கவே கூடாது: தட்டு மெதுவாகி ரயில் ஸ்டேஷனில் நின்றுவிடும். கருப்பு அட்டையால் விளக்கைச் சட்டென மறையுங்கள்.

எக்ஸ்போஷரை ஓடும் வெளிச்சத்துக்குப் பூட்டி, அடிப்படை வெளிச்சத்தை 2 ஸ்டாப் கீழே, அதாவது கால் பங்காக, வைக்கலாம். ஷட்டர் 1/50.

அந்த ஷாட்டில் கேமரா ஒருபக்கம் சாய்ந்து பிறகு நிமிரும்; அந்தச் சாய்வு இன்னும் பாக்கி. கேமராவை ஆடாமல் நேராகப் பிடிக்கும் கிம்பல் இதற்குப் பரம விரோதி. சாய்க்கச் சாய்க்க நிமிர்த்தும். 4கே-யில் நேராக எடுத்து எடிட்டிங்கில் 15 பாகை திருப்பலாம். அந்தக் காலப் படங்களின் 1.37:1 (அகலம்:உயரம்) சட்டத்தில் 2,160 வரியில் சுமார் 1,635 மிஞ்சும், தாராளம். ஆனால் சாய்வு நிமிரும் வேகம் கையால் செய்ததுபோல் வரவில்லை.

அதற்குள் அடுத்த ஆசை: தொரால்ட் டிக்கின்சனின் 1940 'கேஸ்லைட்' படத்தில் மனைவியின் அறையில் விளக்கு மங்கும் இடம். எல்இடி டிம்மர் கடைசிப் பத்து சதவீதத்தில் படிப்படியாகக் குதிக்கிறது. 60 வாட் குண்டு பல்பில் இழை மெல்ல ஆறுவதால் அந்தக் குதி தெரியாது. பல்ப் எடுத்து வைத்தாயிற்று, டிம்மர்தான் தேட வேண்டும்.