34-ஆம் எண்: ஃபெர்னாண்டோ நாட்குறிப்பு

22 அக்டோபர் 2024, செவ்வாய்

டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் முன்னாள் பிட்சர் (பந்து வீசுபவர்), 34-ஆம் எண் சட்டைக்காரர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். வயது 63. வரும் வெள்ளி உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) தொடங்குகிறது, டாட்ஜர்ஸும் நியூயார்க் யாங்கீஸும். இந்த இரண்டு அணிகளும் கடைசியாக இறுதித் தொடரில் மோதியது 1981-இல், அவருடைய வருடத்தில்.

மைதான வாசலில் பூவும் மெழுகுவர்த்தியும் சேர்கின்றன. வைக்கப் போகிறவர்களுக்கு: அவர் கையெழுத்துப் போட்ட பந்தைக் கொண்டுபோகாதீர்கள். மை வெயிலில் வெளிறும், பனி பட்டால் தோல் கறுக்கும். சாதாரணப் பந்து போதும். மெழுகுவர்த்தி கண்ணாடிக் குவளைக்குள் இருக்கட்டும், பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்திலிருந்து தள்ளி.

23 அக்டோபர், புதன்

எல்லோரும் 1981-இன் தொடக்கத்தைத்தான் பகிர்கிறார்கள். முதல் எட்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி, அதில் ஐந்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. ஏப்ரல் 9 அன்று வீச வேண்டியிருந்த ஜெர்ரி ராய்ஸுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் கடைசி நேரத்தில் கிடைத்த வாய்ப்பு. ஹூஸ்டனை 2-0 என்று முடித்தார். எல்லாம் சரி. ஆனால் அவரைத் தெரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டம் பார்ப்பதானால் இன்றைய தேதியில் நடந்ததைப் பாருங்கள்: 1981 அக்டோபர் 23, உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம்.

அன்று அவர் நன்றாக வீசவில்லை. எதிரணிக்கு 9 ஹிட் (அடித்துத் தளம் சேர்வது), 7 வாக் (தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் தளம் போவது) கொடுத்தார். டாட்ஜர்ஸின் ரான் சே முதல் இன்னிங்ஸிலேயே (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) மூன்று ரன் எடுத்துக் கொடுத்தார். யாங்கீஸின் பாப் வாட்சனும் ரிக் செரோனும் அடித்த ஹோம் ரன்களில் (அடித்தவரே எல்லாத் தளமும் சுற்றி வந்து ரன் எடுக்கும் பெரிய அடி) அந்த முன்னிலை கரைந்து, யாங்கீஸ் 4-3 என்று மேலே போனது. டாட்ஜர்ஸ் தொடரின் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஏற்கெனவே தோற்றிருந்தது. வேறு எந்த பிட்சரையும் மேலாளர் அந்த இடத்திலேயே மாற்றியிருப்பார். டாமி லசோர்டா விட்டுவைத்தார். அடுத்த ஆறு இன்னிங்ஸிலும் யாங்கீஸுக்கு ஒரு ரன்னும் இல்லை. 150-ஐ ஒட்டிய பந்துகள் வீசி 5-4 என்று முடித்தபோது அவருக்கு வயது 20. அதற்குப் பிறகு டாட்ஜர்ஸ் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை, கோப்பை வந்தது. ஒரே வருடத்தில் சிறந்த புதுமுக விருதும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

24 அக்டோபர், வியாழன்

அவருடைய அடையாளமான ஸ்க்ரூபால் என்ற பந்துவீச்சு பற்றி நிறையக் கேள்விகள். இடக்கை பிட்சரின் வழக்கமான வளைபந்து, வலக்கையால் அடிப்பவரின் உடம்பை நோக்கி உள்ளே வரும். ஸ்க்ரூபால் அதற்கு நேரெதிர்: வெளியே விலகி இறங்கும். பந்தை விடும்போது முன்கை உள்நோக்கித் திருகி, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், கட்டைவிரல் தரையைப் பார்க்க வேண்டும். திருகல் பாதியில் நின்றால் பந்து வளையாது, இடுப்புயரத்தில் மெதுவாகப் போய் நிற்கும்; அடிப்பவருக்கு விருந்து. 1979-இல் பாபி காஸ்டிலோவிடம் கற்றுக்கொண்டு, இதை இரண்டு வேகங்களில் வீசப் பழகினார். அடிப்பவரைக் குழப்பியது வளைவைவிட அந்த வேக வித்தியாசம்தான்.

தோளைக் கெடுத்தது ஸ்க்ரூபால்தான் என்று பலர் எழுதுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1982 முதல் 1987 வரை ஆறு வருடமும் தலா 250 இன்னிங்ஸுக்கு மேல். 1982-இல் மட்டும் 285. இந்த வருடம் 200-ஐத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எந்தப் பந்தை வீசினாலும் அந்தச் சுமையை ஒரு தோள் தாங்காது. 1988-இல் தோள் விட்டது. அந்த வருட உலகத் தொடரில் அவர் ஆடவில்லை.

25 அக்டோபர், வெள்ளி

டாட்ஜர்ஸ் சட்டைக் கையில் 34 என்ற பட்டை. ஆட்டத்துக்கு முன் அவருடைய பழைய அணித் தோழர்கள் ஓரல் ஹெர்ஷைசரும் ஸ்டீவ் யேகரும் பந்தை எறியாமல் பிட்சர் மேட்டிலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். பத்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாம் (மூன்று தளத்திலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடிக்க, 6-3 என்று வெற்றி.

இந்த மைதானம் நிற்கும் சாவேஸ் ரவீனில் 1950-களில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். கடைசி வீடுகளிலிருந்து 1959-இல் ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். இந்தப் பக்கமே வரமாட்டோம் என்றிருந்த பல வீடுகளை டிக்கெட் வாங்க வைத்தவர் ஃபெர்னாண்டோ, மெக்சிகோவின் சொனோரா மாநிலத்து எச்சோவாக்கிலா கிராமத்துப் பையன். 34 என்ற எண்ணை அணி முறைப்படி ஓய்வுபெறச் செய்தது 2023 ஆகஸ்டில்தான், ஆனால் 1991-க்குப் பிறகு யாருக்கும் அந்தச் சட்டை கொடுக்கப்படவில்லை.

1 நவம்பர், வெள்ளி

தொடரை வென்ற டாட்ஜர்ஸின் கோப்பை ஊர்வலம் இன்று. அவருடைய 64-ஆவது பிறந்தநாளும் இன்றே. மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களை வரவேற்கும் நாளும்கூட. வீட்டில் படையல் வைப்பவர்கள் படம், ஒரு குவளைத் தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, கோபல் (ஒரு மரப்பிசின்) புகை, துலுக்க சாமந்தி வைக்கிறார்கள். (அந்தப் பூவே மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், நாம் மாலை கட்டப் பழகியது பிறகு.) இதழை உதிர்த்து வாசலிலிருந்து படம்வரை பாதை போடுவது வழக்கம்.

ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பாலின் புகழ் மண்டபம்) அவரைச் சேர்க்கச் சொல்லி மனுவும் சுற்றுகிறது. 173 வெற்றி, 153 தோல்வி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்) 3.54: எண்களை மட்டும் வைத்தால் கடினம், மறைக்க வேண்டியதில்லை. பத்திரிகையாளர் வாக்குச்சீட்டில் 2004-இல் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கி விழுந்துவிட்டார். இனி வழி, 1980-க்குப் பிந்தைய ஆட்டக்காரர்களைப் பார்க்கும் குழு. அடுத்த முறை கூடுவது 2025 டிசம்பரில். உறுப்பினர் 16 பேர், 12 வாக்கு வேண்டும்.