துப்பும் கணக்கும்: காரைக்குடியிலிருந்து ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜூலை 3, 2025

போன மாதம் 9ஆம் தேதி ஆங்கிலத் திரில்லர் எழுத்தாளர் பிரெடரிக் ஃபோர்சைத் காலமானார். அவருடைய 'தி டே ஆஃப் த ஜக்கால்' நாவலின் மறுவாசிப்பு இன்றோடு முடிந்தது. 1971இல் வந்த புத்தகம். பிரெஞ்சு அதிபர் ஷார்ல் டி கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளியை அமர்த்துகிறார்கள். டி கோல் 1970இல் தம் வீட்டில் இயற்கையாக இறந்தவர். ஆக, கொலை நடக்காது என்பது புத்தகம் வெளியான அன்றே ஊருக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் வாங்கினார்கள், தெரிந்தும் விடிய விடியப் படித்தார்கள்.

அதற்குக் காரணம் முதல் பாகத்தில் இருக்கிறது. அது முழுக்க முழுக்க வேலைப் பட்டியல். பச்சிளம் வயதில் இறந்துபோன ஒருவனின் பெயரைக் கல்லறையில் தேடி எடுக்கிறான். அந்தப் பெயரில் பாஸ்போர்ட் வாங்குகிறான். பிரஸ்ஸல்ஸில் ஒரு கைதேர்ந்த ஆளிடம், தனித்தனிக் குழாய்களாகக் கழற்றி வைக்கக்கூடிய துப்பாக்கி செய்யச் சொல்கிறான். காட்டுக்குள் ஒரு முலாம்பழத்தைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்துக் குறிக்கண்ணாடியைச் சரிசெய்கிறான். துப்பாக்கி ஏன் அவ்வளவு ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேயே விழுந்துவிடுகிறது. பதில் வருவது கடைசிப் பாகத்தில்தான். நடுவில் சில நூறு பக்கம் அந்தக் கேள்வி நம் தலைக்குள் கிடக்கிறது. நல்ல துப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: கண்முன்னே வைத்துவிட வேண்டும், அது எதற்கு என்று மட்டும் சொல்லக் கூடாது.

இரண்டாம் பாகத்தில் லெபெல் என்ற போலீஸ் அதிகாரி துரத்துகிறார். ரகசியக் கூட்டத்தில் உட்காரும் ஒரு கர்னலின் காதலி வழியாகச் செய்தி வெளியே கசிகிறது. இது நமக்குத் தெரியும், லெபெலுக்குத் தெரியாது. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் வாய் திறக்கும்போது நமக்குப் பதறுகிறது. ஆசிரியர் இங்கே எதையும் ஒளித்துவைக்கவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கு எப்போது தெரியவரும் என்ற இடைவெளியை மட்டும் நீட்டிக்கொண்டே போகிறார். திரில்லருக்கு என்று ஓர் இலக்கணம் கேட்டால் என் பதில் இந்த இடைவெளிதான்.

சீமாட்டியின் மாளிகையில் நடக்கும் பகுதி மட்டும் தொய்வு. அங்கே கொலையாளிக்கு வேலை இல்லை. வேலை நின்றதும் நாவலும் நின்றுவிடுகிறது.

ஜூலை 6

அலெக்ஸ் மைக்கேலிடிஸ் எழுதிய 'தி சைலன்ட் பேஷன்ட்', 2019. கணவனை ஐந்து முறை சுட்டுவிட்டு அதன் பிறகு பேச்சையே நிறுத்திவிட்ட ஓவியர். அவரைப் பேசவைக்க முயலும் மனநல சிகிச்சையாளர். அவள் நாட்குறிப்பு ஒரு தடம், அவன் சொல்வது இன்னொரு தடம்.

இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஒரு தடத்தில் தேதி இருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டு தடத்தில் கதை சொல்பவர் ஒன்றுக்கு மட்டும் தேதி போட்டால், போடாத தடத்தைச் சந்தேகப்படுங்கள். உத்தி நேர்மையானதே. எனக்கு ஒட்டாதது அந்த நாட்குறிப்புதான். பக்கம் பக்கமாக உரையாடலை மேற்கோள் குறிக்குள் எழுதி யாரும் டைரி வைப்பதில்லை. டைரியில் வருவது அரை வாக்கியமும் முடிவும். அந்த வடிவத்திலேயே எழுதியிருந்தால் கடைசித் திருப்பம் இன்னும் கனமாக விழுந்திருக்கும்.

ஜூலை 10

கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானிய மூலம் 2005இல் வந்தது, அந்நாட்டு இலக்கியப் பரிசான நவோகி பரிசு பெற்றது. இந்த மாதம் படித்ததில் முதலிடம் இதற்குத்தான்.

கொலை முதல் அத்தியாயத்திலேயே நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது. யார், எப்படி, ஏன் மூன்றும் தெரியும். தொல்லை கொடுக்கும் முன்னாள் கணவனை யாசுகோ கொன்றுவிடுகிறாள், மகளும் உடந்தை. பக்கத்து வீட்டில் இருக்கும் கணக்கு வாத்தியார் இஷிகாமி கதவைத் தட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எல்லாம் தெரிந்த பிறகு மிச்சம் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். மிச்சம்தான் முழு நாவலும்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்வது நல்லது. முதல் பத்தியில் தேதியும் மணியும். இரண்டாவதில் போலீஸுக்கு அப்போது தெரிந்தது. மூன்றாவதில் நமக்குத் தெரிந்தது என்று நாம் நம்புவது. மூன்றாவது பத்தியை நிரப்பும்போது, 'இதை ஆசிரியர் சொன்னாரா, நானாக நினைத்துக்கொண்டேனா?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். பாதிக்கு மேல் நாமாக நினைத்துக்கொண்டதாக இருக்கும். ஹிகாஷினோ ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

துப்பு ஏராளம். ஆற்றங்கரையில் பிணத்துக்கு அருகே ஒரு சைக்கிள் கிடக்கிறது. திருட்டுச் சைக்கிள், அதுவும் புத்தம் புதியது. பழைய சைக்கிள்கள் எத்தனையோ இருக்க, புதியதை ஏன் எடுக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி வழி போய்விடலாம். வாத்தியார் தேர்வுத்தாள் தயாரிக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு பேச்சு வருகிறது: பார்த்தால் வடிவியல் கேள்வி மாதிரி இருக்கும், உண்மையில் அது இயற்கணிதம். நாவலின் சாவியை இவ்வளவு வெளிப்படையாக மேஜைமேல் வைத்த இன்னொரு எழுத்தாளரை நான் அறியேன். அப்படியிருந்தும் இதை முறையான துப்பறியும் நாவல் என்று சொல்லலாமா என்று ஜப்பானில் பெரிய விவாதமே நடந்தது. என் கட்சி, சொல்லலாம் என்பதே. துப்புகள் எல்லாம் வாசகன் கையில் கொடுக்கப்பட்டுவிட்டன. கொடுத்ததை எண்ணிப் பார்க்காதது நம் பாடு.

ஜூலை 14

செட்டிநாட்டுக்காரர்கள் துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேரைத் தாண்டிப் போக முடியாது. ஒருவர் தேவகோட்டைக்காரரான தமிழ்வாணன். அவருடைய சங்கர்லால் தேநீரும் கையுமாக நாடு நாடாகப் போய்த் துப்பறிந்தவர். இன்னொருவர் எழுதியவர் அல்லர், சேர்த்துவைத்தவர்: கோட்டையூர் ரோஜா முத்தையா. சென்னையில் அவர் பெயரில் நிற்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம் கோட்டையூர் வீட்டில் இருந்த சேகரம்தான். ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் காலத்து நாவல்களைக் குப்பை என்று வீசிய வீடுகள் உண்டு. இவரைப் போன்றவர்கள் அவற்றையும் நூல் என்று மதித்ததால்தான் இன்றைக்கு அந்தக் காலத்து வாசிப்பைப் பற்றிப் பேச முடிகிறது.

ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. துப்பறிபவர் கோவிந்தன். நடை பழசு, உபதேசம் அதிகம். ஆனால் ஆள்மாறாட்டம், கடிதம், வாக்குமூலம் எல்லாம் கதையை நகர்த்தும் விதத்தில் இன்றும் உயிர் இருக்கிறது. சங்கர்லால் கதைகளில் வேகம் கூடுகிறது. ஆனால் துப்பை நம்மிடம் காட்டிவிட்டுக் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்துவிட்டு நமக்கு விளக்குவதே அங்கே அதிகம். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அதைத் திருத்தியது. அமானுஷ்யமா, அறிவியலா என்ற கேள்வியைக் கணேஷுக்கும் வசந்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்து, வாசகனை இரண்டு பக்கமும் இழுத்தார்.

மாத நாவல்களில் ராஜேஷ்குமாரின் இரட்டைத் தடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதை, இரட்டைப்படையில் இன்னொன்று, கடைசியில் இரண்டும் சேரும். இதில் எங்கே சறுக்கும்? இணைப்பு வெறும் தற்செயலாக இருந்தால் சறுக்கும். முதல் தடத்தில் நடந்த ஒரு செயல் இரண்டாவது தடத்துக்குக் காரணமாக இருந்தால் நிற்கும். சோதிப்பது சுலபம்: ஒரு தடத்தை முழுசாக நீக்கிவிட்டு மற்றதை மட்டும் படியுங்கள். அப்போதும் அது பொருள்படுகிறது என்றால் இணைப்பு ஒட்டுவேலை.

ஜூலை 16

தமிழ்த் திரில்லர்களில் தொடர்ந்து வரும் இரண்டு பிழைகள்.

மூக்கில் கைக்குட்டையை வைத்ததும் குளோரோஃபார்மில் ஆள் சாய்வது. அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை கதாநாயகி சும்மாவா இருப்பாள்?

ரிவால்வரில் சைலன்சர். ரிவால்வரின் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே இடுக்கு இருக்கிறது, வெடிச்சத்தமும் வாயுவும் அந்த வழியே வெளியேறும். பெரும்பாலான ரிவால்வரில் சைலன்சர் மாட்டிப் பயனில்லை. பிஸ்டல் என்று ஒரு சொல்லை மாற்றினாலே பிழை தீர்ந்துவிடும்.

ஜூலை 19

இறந்த நேரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் நாவல்கள் இங்கிலாந்துக் கணக்கை அப்படியே தூக்கிவந்து வைக்கின்றன. உடல் மணிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் குளிரும், ஆகவே இத்தனை மணிக்கு இறந்தார் என்று டாக்டர் பட்டென்று சொல்கிறார். குளிர் ஊரில் இதில் ஓரளவு நியாயம் உண்டு. சித்திரை மாதம் பிற்பகல் காரைக்குடியில் வெளி வெப்பமே 37, 38 டிகிரிக்குப் போகும். உயிருள்ள உடலின் வெப்பமும் 37தான். பிணம் எதை நோக்கிக் குளிரும்? அந்த நேரத்தில் வெப்பமானியை வைத்துக் கணக்குப் போட வழியே இல்லை.

இறந்தபின் உடல் விறைப்பதும் அப்படித்தான். விறைப்பு நீடிக்கும் நேரத்துக்கு வட இந்தியக் கணக்காகத் தடயவியல் பாடநூல்கள் சொல்வது, குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரம், கோடையில் 18 முதல் 36 மணி நேரம். வெயில் கூடக் கூட விறைப்பு சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். ஆகவே நம் ஊர் நாவலில் டாக்டர் சொல்ல வேண்டியது ஒரு மணி அல்ல, ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளி கதைக்குப் பெரிய வரம். சந்தேகத்துக்குரிய நாலு பேரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். துல்லியமான மணி வேண்டுமென்றால் அதை மனிதர்களிடமிருந்து எடுக்கலாம்: பால்காரர், கடைசியாகப் பேசிய செல்போன் அழைப்பு, இரைப்பையில் செரிக்காமல் கிடந்த பணியாரம்.

ஜூலை 22

அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்', 1920. நூறு வருஷம் தாண்டிவிட்டதால் முடிச்சைச் சொல்லலாம். முதல் உலகப் போரில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர் அவர், நாவல் நிற்பதே அந்த அறிவின் மேல்தான். ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் கலந்த டானிக்கில் புரோமைடு உப்பு சேர்ந்தால் ஸ்ட்ரிக்னின் அடியில் படிந்துவிடும். மேலே இருக்கும் மருந்தைக் குடிக்கும்வரை ஒன்றும் ஆகாது, கடைசி வேளையில் மொத்தமும் வந்துவிடும். கொலையாளி அப்போது பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்ட்ரிக்னின் எங்கிருந்து வருகிறது? நம் ஊர் எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து. கசப்புக்கு நாம் எட்டியைத்தானே சொல்கிறோம்? அந்தக் கசப்பை எதில் மறைத்திருக்க முடியும் என்பதே அந்த நாவலில் பெரிய விசாரணை. தமிழ் நாவல்களில் பாலில் விஷம் கலந்து ஒரே மடக்கில் குடிக்கவைப்பவர்கள் இந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்பதில்லை. சுவை, மணம், நிறம், பிடிக்கும் நேரம் என்ற நாலுக்கும் பதில் சொல்லாத விஷம் நாவலுக்கு உதவாது.

ஜூலை 27

செட்டிநாட்டு வீட்டில் வைத்து எழுதும் மர்மக் கதைகள் கூடிக்கொண்டே போகின்றன. படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் வீடுகளைப் பார்த்து எழுதுவதாலோ என்னவோ, வீடு வெறும் திரைச்சீலையாகத் தொங்குகிறது. வீட்டின் அமைப்பு தெரிந்தால் கதையே மாறும்.

முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று வீடு ஒரே நேர்கோட்டில் போகிறது. பல வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆகவே 'வாசலில் காவல் இருந்தது, யாரும் வரவில்லை' என்ற வரி செல்லாது. வளவு வாசல் வானம் பார்த்தது. கம்பி போட்டிருக்கிறதா இல்லையா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, எல்லாக் கதவுகளும் நேர்க்கோட்டில் இருப்பதால், திறந்திருந்தால் முகப்பில் நிற்பவர் கண்ணுக்குப் பின்கட்டு வரை தெரியும். சாட்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, இதை எவரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடுவதாக எழுதுகிறார்கள். அது சிமெண்டுக் கல், உறிஞ்சும். மேல்பூச்சு மழமழவென்று இருந்தாலும் இடுக்குகள் காட்டிக்கொடுக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கொலைக்கான காரணத்தில் இருக்கிறது. 'வீட்டுக்காகக் கொன்றான்.' எந்த வீட்டுக்காக? பெரிய வீடுகள் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பொதுவானவை. ஒரு பங்காளியைக் கொன்றால் அவர் பங்கு கொன்றவனுக்கு வராது. மனைவி, மகன், மகள், தாய் உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு, பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்று எழுதவும் முடியாது. கொன்றவனே வாரிசாக இருந்தாலும் பயனில்லை. 1956ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கொலைகாரனுக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தை மறுக்கிறது.

அப்படியானால் எது நிற்கும்? பங்காளிகளில் ஒருவர் மலேசியாவில் இருக்கிறார், இங்கே ஒருவருக்குப் பவர் (தன் சார்பில் பத்திரம் எழுதும் அதிகாரம்) எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அத்தோடு முடிந்தது. ஆகவே பவர் வைத்திருப்பவன் அவரைக் கொல்ல மாட்டான். அவர் ஊருக்கு வந்த இடத்தில் தானாகவே இறந்துபோனால், அந்தச் சாவை மறைப்பான். இங்கே குற்றம் கொலை இல்லை, தேதி. பத்திரம் பதிந்த நாளுக்கும் உயிர் போன நாளுக்கும் நடுவில் இருக்கும் சில நாட்களைத்தான் துப்பறிபவர் நிரூபிக்க வேண்டும். கோடை வெயிலில் டாக்டராலும் அதைச் சுலபமாகச் சொல்ல முடியாது. பவரை வைத்துப் பத்திரம் பதியும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவரின் சான்று கேட்கும் நடைமுறை தமிழகப் பதிவுத்துறையில் உண்டு. யாரோ ஒரு டாக்டர் அந்தச் சான்றில் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நாவலின் கொலை அந்த டாக்டருக்குத்தான் நடக்கும்.